அடுப்பு எரியும் வீட்டுக்குக் காணி

என் மகளுக்கு,

உனக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ‘மா’, ‘பா’, ‘காகா’ என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே இந்த வீட்டில் உனக்கு வேண்டிய எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறாய். வேண்டாம் என்றால் தலையை ஆட்டி, கையால் தட்டி, உருண்டு அழுது தெரிவித்துவிடுகிறாய். அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீ வளர்ந்து பெரியவளான பிறகு வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். அப்போது நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். எனக்கு நேரில் சொல்ல வராது. நாலு பேர் கூடினால் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுகிறவள் நான். எழுதினால் வரும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்து என் கையை விட்டுப் போகவில்லை. உன்னோடு வேறு பெண்பிள்ளைகளும் இதை வாசித்தால் வாசிக்கட்டும். ஒளிக்க எதுவும் இல்லை.

போன கிழமை உன் அம்மப்பாவின், என் ஐயாவின், அந்தியேட்டி நடந்தது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் நம் ஆட்கள் கல்வெட்டு வாசிப்பார்கள். இறந்தவரின் பிறப்பு, வளர்ப்பு, செய்த நற்காரியங்கள் எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டி, சிறு புத்தகமாக அச்சடித்து, ஒருவர் ராகத்தோடு படிக்க, மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார்கள். ஐயாவின் கல்வெட்டு நல்ல தடிப்பு. இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு ரோட்டு வந்தது அவரால். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டது அவரால். மலேரியாக் காய்ச்சல் காலத்தில் மருந்துக்காரரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். கிராமசபையின் தலைமையில், அக்கிராசனராக இருந்தும் கடைசிவரை சைக்கிளில்தான் போனார். எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கமாட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டு வந்தது. பெற்ற மகளையும் கொள்கைக்காக ஈந்த பெருந்தகை என்று அதில் கட்டியிருந்தார்கள். படித்தவர் அந்த அடியை இரண்டு தரம் படித்தார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நீ என் மடியில் இருந்தாய். நான் உன் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். அந்த மகள் நான்தான். ஈந்தது எப்படி என்று கல்வெட்டில் இல்லாததால் நான் சொல்கிறேன்.

ஐயா தீவுப்பக்கத்தில் பிறந்தவர். அங்கே அவருக்கு நிற்கச் சொந்தமாக ஒரு சாண் மண் இருக்கவில்லை. காட்டை வெட்டினால் காணி என்று அரசாங்கம் சொன்னதும், அம்மாவையும் ஒரு பெட்டியையும் கூட்டிக்கொண்டு புளியங்குளத்தில் பஸ்ஸால் இறங்கி, உள்ளே கிழக்காக நடந்து வந்தவர். யானை அவர்களுடைய முதல் கொட்டிலை உடைத்தது. இரண்டாவது கொட்டிலில் நான் பிறந்தேன். அந்தக் காலத்தில் காணி வாங்கிய இளம் ஆண்கள் பலர் யானைக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, காணியை யாழ்ப்பாணத்துப் பணக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். காணி இல்லாத குடும்பங்களோ பிள்ளைகளோடு வாய்க்கால் கரையில் ஓலைக் கொட்டிலில் கிடந்தன. அப்படி ஒரு கொட்டிலில் இருந்து செத்த குழந்தையை ஐயாவே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்திருக்கிறார். வந்து குளித்துவிட்டு, சாப்பிடாமல், என்னை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாராம். அம்மா சொல்லியிருக்கிறா. அவர் கல்நெஞ்சக்காரர் என்று நீ நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தலைமுடியைச் சிக்கெடுத்து இழுப்பது நோகும் என்று, அம்மாவின் கையில் இருந்து சீப்பை வாங்கி மெதுவாக இழுத்துவிட்ட மனிதர் அவர்.

அக்கிராசனர் ஆனதும் அவர் செய்த முதல் பெரிய காரியம் அந்தத் தீர்மானம். குளத்தின் கீழ் புதிதாகத் திறக்கும் பகுதிகளில், கலியாணம் முடித்து மனைவியோடு வந்து குடியிருப்பவர்களுக்கு மட்டுமே காணி கொடுக்கவேண்டும் என்று எழுதி, வவுனியாக் கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, தூக்கிக்கொண்டு போய், மாதக்கணக்காக அலைந்து அதை ஏற்கவைத்தார். “அடுப்பு எரியிற வீட்டுக்குத்தான் காணி” என்பார். ஓமந்தை வரைக்கும் அந்தப் பேச்சுப் பரவியது. காணிக் கச்சேரி அன்றைக்கு, காணி கேட்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதிகாரிகள் மேசை போட்டு ஒவ்வொருவராக விசாரித்து, யாருக்குக் காணி என்று தீர்மானிப்பார்கள். இனிமேல் மனைவியும் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று ஆயிற்று. நல்ல சட்டம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கலியாணமாகாத இளைஞர்கள் ஓடிப்போய்விடுவார்கள் என்று ஐயா எதிர்பார்த்தார். அவர்கள் பெண் தேடி ஓடினார்கள். பெண்ணைப் பெற்ற ஏழைகளுக்கும் அது வாய்த்தது. நம்முடைய ஆட்களில் காணியும் நகையும் கொடுக்க வழியில்லாத தகப்பன்மார் பெண்ணை வைத்துக்கொண்டு எரிந்துகொண்டிருந்தவர்கள். இப்போது மாப்பிள்ளைக்கு அவசரம், பெண் கிடைத்தால் போதும். “பெட்டைக்கு என்ன சீதனம் குடுக்கிறியள்?” என்று சங்கக்கடை வாசலில் ஒருவர் கேட்டால், “சீதனம் கவுண்மேந்து குடுக்கும், நீங்கள் சாப்பாட்டை மட்டும் பாருங்கோ” என்று மற்றவர் சொல்லிச் சிரிப்பார். ஒரே கூறைச் சேலை வீடு வீடாக இரவலுக்குப் போய் வந்தது. ஐயர் ஒரு வீட்டில் தாலியைக் கட்டுவித்துவிட்டு, வேர்வை காயமுன் அடுத்த வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தார். காணிக் கலியாணம் என்று ஊரில் பெயர் வந்தது. எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள் இருந்த வாங்குகளில் ஒன்று முழுக்கக் காலியானது. என் பக்கத்தில் இருந்தவள் வெள்ளிக்கிழமை என்னிடம் அழிறப்பர் இரவல் வாங்கினாள். திங்கட்கிழமை வரவில்லை. காணிக் கச்சேரியில் சேலை கட்டத் தெரியாமல் ஊசி குத்தி, புருசனின் தோளுக்கும் கீழே நின்றாளாம். அதிகாரி வயது கேட்டபோது, அவளுடைய தகப்பன் இரண்டு வயதைக் கூட்டிச் சொன்னாராம்.

எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர் சாவகச்சேரிப் பக்கம். பள்ளிக்கூட விடுதியில் தனியாக இருந்தவா. அடுத்த கச்சேரிக்கு முன் கிராமசபை ஒரு பொதுக்கூட்டம் வைத்தது. பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான் நடந்தது. நாங்கள் பெண்பிள்ளைகள் பிளேன்ரீ கொடுக்க நின்றோம். அப்போது ரீச்சர் எழும்பினா. பெண் எழும்பிப் பேசுவது அங்கே புதிது.

“ஐயா, உங்கட நோக்கத்தை நான் பிழை சொல்லேல்லை. ஆனால் என்ர வகுப்புப் பிள்ளையளை வந்து பாருங்கோ. பதினாலு வயசுப் பிள்ளையைப் பொம்பிளையெண்டு கூட்டிக்கொண்டு போகினம். பதினெட்டு முடிஞ்ச பொம்பிளையளோட வந்தால்தான் காணியெண்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்.”

“ரீச்சருக்குப் பதினெட்டு எப்பவோ முடிஞ்சுது போல. ஆரும் பாத்துக் கட்டினால் மூண்டு ஏக்கர் வரும்,” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. ஐயா மேசையில் ஓங்கித் தட்டினார். “ரீச்சரை மரியாதை இல்லாமக் கதைக்கிறவர் வெளியில போகலாம்.” சிரிப்பு நின்றது. அந்த நேரம் ஐயா ரீச்சரைப் பார்த்த பார்வையில், அந்த வரியைச் சேர்த்துவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. வாங்கு நிரம்பிவிடும் என்றுகூட நினைத்தேன். நான் எஸ்.எஸ்.சி. எடுப்பேன், ரீச்சரைப் போல ஒரு கைப்பையும் குடையும் வைத்திருப்பேன் என்று என் மனதில் ஒரு எண்ணம் இருந்தது. ஒருவருக்கும் சொன்னதில்லை.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. “ரீச்சர் ஏன் எழும்பினவ எண்டு விளங்கேல்லையோ? அக்கிராசனரின்ர பெட்டை படிக்கிறாள். எங்கட பெட்டையள் காணிக்கு, தன்ர பெட்டை உத்தியோகத்துக்கு!” கூட்டம் ‘ஓம் ஓம்’ என்றது. ஐயாவின் முகம் கறுத்தது. அவரைக் கள்ளன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். தன் வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்ற பேச்சை மட்டும் அவரால் தாங்க முடியாது. அவர் எழும்பினார். “என்ர பிள்ளையும் உங்கட பிள்ளையும் எனக்கு ஒண்டுதான். இந்தக் கச்சேரிக்கு என்ர மூத்தவளும் தாலியோட வந்து நிப்பாள். போதுமே?” என்றார். அப்படிக் கை தட்டியதை அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் முந்திக் கேட்டதில்லை. பின்வரிசைக்காரனும் தட்டினான். ரீச்சர் வாங்கில் இருந்துவிட்டா. நான் தேத்தண்ணித் தட்டோடு யன்னலடியில் நின்றேன். எல்லாரும் ஐயாவைப் பார்த்தார்கள், என்னை ஒருவரும் பார்க்கவில்லை. உனக்கு நான் தரக்கூடிய புத்திமதி ஒன்று உண்டென்றால் அது இது: கூட்டம் கை தட்டும்போது, எதைக் கொடுத்ததற்காகத் தட்டுகிறார்கள், அது யாருடையது என்று பார். கொடுக்கிறவருடையதாக இருந்தால் நீயும் தட்டு.

உன் அப்பாவைப் பற்றி ஒரு குறையும் எழுதமாட்டேன். வடமராட்சியில் இருந்து வந்து பிறருடைய வயலில் கூலிக்கு நின்ற மனிதர். உழைப்பாளி. குடிக்கமாட்டார். அவர் கேட்டது காணி. அதோடு நான் வந்தேன். காணிக் கச்சேரியில் பக்கத்தில் நின்றபோது, “பயப்பிடாத, கேட்டால் நான் சொல்லுறன்” என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பார், மகள், என் வாழ்க்கையில் அன்பாக இருந்த ஆண்கள் எல்லாரும் எனக்காகப் பதில் சொல்லவே முன்வந்தார்கள்.

ரீச்சர் விடவில்லை. காரியாதிகாரிக்கு மனு எழுதினா. நீ வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, அந்த அதிகாரி விசாரிக்க வந்து ஐயாவின் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டார். சமையலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குசினிக்குள் இருந்து எல்லாம் கேட்டது. “அந்த ரீச்சர் சொல்லுறதில நியாயம் இருக்கு, அக்கிராசனர். நீங்கள் ஓமெண்டால் நான் மேல எழுதி மாத்திவிடுறன். உங்கட தீர்மானம், நீங்கள்தான் சொல்லவேணும்,” என்றார் அதிகாரி. ஐயா யோசிக்கிற சத்தம் எனக்குத் தெரியும், கதிரையின் கைப்பிடியில் விரலால் தட்டுவார். நெடுநேரம் தட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

நான் மீன்குழம்புச் சட்டியோடு போய் நின்றேன். “இவதான் என்ர மூத்தவ. பாருங்கோ. சொந்தமா வயல் இருக்கு, வீடு இருக்கு, இப்ப பிள்ளையும் வரப்போகுது. என்ன குறை?” என்றார் ஐயா. அதிகாரி நல்லவர், என்னிடம் நேராகவே கேட்டார். “பள்ளிக்கூடத்தை விட்டது கவலையில்லையோ, பிள்ளை?” நான் சட்டியைப் பார்த்தேன். வாய் திறக்க எனக்கு எப்போதும் கொஞ்ச நேரம் வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் ஒருவரும் தருவதில்லை. “அவவுக்கு வெக்கம். ஆக்களைக் கண்டால் கதைக்கமாட்டா. அவவுக்கென்ன கவலை, ராசாத்தி மாதிரி இருக்கிறா,” என்றார் ஐயா. அதிகாரி சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். மனு அத்தோடு முடிந்தது.

அதிகாரியின் ஜீப் போனபிறகு ஐயா கிணற்றடிக்கு வந்தார். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பாராமல் சொன்னார்: “இனி நான் அதை மாத்தினால், உன்னைக் குடுத்தது பிழையெண்டெல்லே ஆகும், பிள்ளை.” வாளியை எடுத்துத் தண்ணீர் அள்ளி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள நான் பலதரம் முயன்றிருக்கிறேன். முடியவில்லை. பிழை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், என்னைக் கொடுத்துவிட்டபடியால் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். அடுத்த கச்சேரியில் என் வகுப்பில் மிச்சமிருந்த பெண்பிள்ளைகளும் சேலையோடு நின்றார்கள். அவர்களை அங்கே நிறுத்தியதற்கு நான் சாட்சி ஆக்கப்பட்டிருந்தேன். ‘அக்கிராசனரின்ர பெட்டை வடிவா வாழுறாள்தானே’ என்று சொல்லித்தான் வீடுகளில் சம்மதம் வாங்கினார்களாம். ரீச்சர் மாற்றம் கேட்டு ஊருக்குப் போய்விட்டா. போகும்போது என்னிடம் வந்து, அப்போது பிறந்திருந்த உன் காலைத் தொட்டுப் பார்த்தா.

ஐயா வவுனியாக் கச்சேரிக்குப் போய்த் திரும்பி வரும்போது, பஸ்ஸுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வாய்க்கால் திருத்துவதற்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாராம். பொதுவேலையிலேயே உயிர் போனது. நான் உண்மையாக அழுதேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் உன் சின்னம்மா என் வீட்டுக்கு வந்தாள். என்னுடைய ஒரே தங்கச்சி. எட்டாம் வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டி. ரீச்சரே அப்படிச் சொல்லியிருக்கிறா. உன்னைத் தூக்கிச் சுற்றி விளையாடிவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள். “அக்கா, எனக்கும் பேசியாச்சு. இந்த ஆவணிக் கச்சேரிக்கு முன்னம் செய்யவேணுமாம், ஆண்டுத்திவசம் முடியும்வரை பாத்துக்கொண்டிருக்கேலாதாம். ஆம்பிளை இல்லாத வீடு, பொம்பிளைப் பிள்ளையை வைச்சிருக்கேலாதெண்டு அம்மா சொல்லுறா.”

“உனக்குப் பள்ளிக்கூடம்?”

“பள்ளிக்கூடமோ? நீ விட்டனிதானே. உனக்கென்ன குறைஞ்சுபோச்சு? நீ சந்தோசமாத்தானே இருக்கிறாய். ஐயாவே சொன்னவர்.”

உன் அப்பா வாசலில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இவளை உள்ளே கூட்டிப்போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தால் எனக்கு வாய் மூடிவிடும். அங்கேயே சொன்னேன். “நான் சந்தோசமா இல்லை. எனக்கு அண்டைக்கும் விருப்பமில்லை. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை.”

தங்கச்சி உன்னை இறக்கி வைத்துவிட்டாள். “அப்ப ஐயா பொய்யே சொன்னவர்?”

அவர் செத்து ஒரு மாதம். ஊர் முழுக்க அவரைப் பாடிய ராகம் இன்னும் காதில் இருந்தது. நான் “ஓம்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. “இப்ப ஏன் சொல்லுறாய்? அவர் உயிரோட இருக்கேக்க ஏன் சொல்லேல்லை? செத்த மனிசனைச் சொல்ல உனக்கு வாய் வந்திட்டுது என்ன?” என்று கத்திவிட்டு, செருப்பையும் போடாமல் போய்விட்டாள். உன் அப்பா மண்வெட்டியைச் சுவரோடு சாத்தினார். “எனக்கு அது அண்டைக்கே தெரியும்,” என்றார். “கச்சேரியில நீ வாசலையே பாத்துக்கொண்டு நிண்டனி. எனக்குக் காணி வேணும் எண்டு நிண்டனான்.” பிறகு வயலுக்குப் போனார். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரோடு ஒருவர் கூடுதலாக மரியாதையாக நடந்துகொள்கிறோம். அது அன்பா, வேறு எதுவுமா என்று நீ வளரும்போது உனக்குத் தெரிந்துவிடும்.

பின்னேரம் அம்மா வந்தா. படலைக்குள் வரவில்லை. “ஊரெல்லாம் கும்பிடுற மனிசனை, பெத்த மகளே பொய்யனெண்டுறாள். உனக்கு என்ன செய்தவர், சோறு போடேல்லையோ, காணி தரேல்லையோ?” என்று வெளியில் நின்று கேட்டா. எல்லாம் தந்தார் என்றேன். அம்மா மண்ணைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போய்விட்டா. கலியாணம் ஒன்றும் நிற்கவில்லை. வருகிற புதன்கிழமை. எனக்கு அழைப்பு இல்லை. உன் அப்பா மட்டும் போய் முறைக்குத் தலையைக் காட்டிவிட்டு வருவார்.

எனக்கு இதில் ஒரு வெற்றியும் இல்லை, மகள். நான் பேசிய ஒரே ஒரு நாளிலும் ஒன்றும் மாறவில்லை. நீ பெரியவளாகி ஏதாவது ஒரு சபையில் பெரிய மனிதருக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால், அவருடைய நன்மைகளை எல்லாம் நம்பு, அவர் சொல்லும் உன் சந்தோசத்தை மட்டும் நம்பாதே. உன்னைக் கேட்டால் உடனே பதில் சொல். கேட்காவிட்டாலும் சொல். வெட்கம் என்று என்னில் எல்லாரும் மெச்சிய அந்தக் குணம் உனக்கு வரக்கூடாது என்று நான் கோயிலில் நேர்ந்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை உன் சின்னம்மா யாரிடமோ ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடச் சட்டைகள் இரண்டு, தோய்த்து மடித்து. இனித் தேவையில்லையாம், பிள்ளைக்குத் தைத்துப் போடட்டாம். கோபத்தில் அனுப்பினாளா, பாசத்தில் அனுப்பினாளா என்று தெரியவில்லை. அதிக நாள் போடாத சட்டைகள், துணியில் ஒரு மங்கலும் இல்லை. இந்த வீட்டில் வேறு புதுத்துணியும் இல்லை. ஒன்றை வெட்டி உனக்கு ஒரு கவுண் தைத்துவிட்டேன். கையில் சின்னதாக மடிப்பு வைத்தேன். நீ இப்போது அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் மண் அளைகிறாய். மிகவும் வடிவாக இருக்கிறாய். கத்தரிக்கோல் மேசையில் இருக்கிறது. மற்றதையும் வெட்டத்தான் வேண்டும்.

உன் அம்மா